டோக்கன் தீந்துட்டா யாரும் வந்து வெட்ட வேண்டியதில்ல: டர்பன் ஏழை வீடுகளும் கரண்டு செலவும்

ஜூலை மாசம் வந்தா தென்னாப்பிரிக்கா டர்பன்ல ரெண்டு விஷயம் சேந்து வரும், ஒண்ணு கோயில்ல கூழ் ஊத்துறது, இன்னொன்னு கரண்டு ரேட்டு ஏறுறது. நாட்டோட கவர்மெண்ட் கரண்டு கம்பெனி எஸ்காம்கிட்ட நேரடியா கரண்டு வாங்குறவங்களுக்கு ஏப்ரல் 1ஆம் தேதியே ஏறிடும். ஆனா சாட்ஸ்வர்த், பீனிக்ஸ், மெரேபேங்க், இசிபிங்கோ பக்கம் இருக்குற நம்ம இந்திய வம்சாவளி ஆளுங்க முக்கால்வாசி பேரு டர்பன் ஊரோட எதெக்வினி முனிசிபாலிட்டிகிட்ட தான் வாங்குறோம், முனிசிபாலிட்டிக்கு ஜூலை 1 தான் புது கணக்கு வருஷம், அதனால நமக்கு சரியா குளிர்காலத்து நடுவுல, சுடுதண்ணியும் அடுப்பும் அதிகமா தேவைப்படுற நேரத்துல தான் விலை ஏறும்.

கோபப்படுறதுக்கு முன்னாடி கணக்க பாத்துடலாம். எஸ்காம் முனிசிபாலிட்டிகளுக்கு மொத்தமா விக்கிற விலை 2023 ஜூலைல 15.1 சதவீதம் ஏறுச்சு, 2024 ஜூலைல 12.72, 2025 ஜூலைல 11.32. மூணும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறுறதால 100 ராண்டுக்கு வாங்குன கரண்டு 144 ராண்டு ஆயிடுச்சு. முனிசிபாலிட்டி அதுக்கு மேல தன் செலவையும் லாபத்தையும் வச்சு, நெர்சாங்குற ஒழுங்குமுறை ஆணையத்துகிட்ட அனுமதி வாங்கி நமக்கு விக்குது. இதே காலத்துல வயசானவங்களுக்கு கவர்மெண்ட் குடுக்குற கிராண்ட் (நாம பென்ஷன்னு சொல்றது) எவ்வளவு ஏறுச்சுன்னு பாருங்க, 2022 கடைசில 1,990 ராண்டு, 2025 ஏப்ரல்ல 2,315 ராண்டு, அதாவது நூத்துக்கு 16 தான். கரண்டு 44 ஏறுற நேரத்துல பென்ஷன் 16 ஏறுனா மிச்சம் எங்கருந்து வரும்? அரிசில இருந்து, மருந்துல இருந்து, பேரப்பிள்ளை ஸ்கூல் டாக்சி காசுல இருந்து தான் வரும்.

வரியோட சேத்து யூனிட்டுக்கு மூணு ராண்டுன்னே வச்சுக்குங்க (இப்ப அதுக்கும் மேல). மாசம் 300 யூனிட் எரியுற ஒரு சாதாரண வீட்டுக்கு 900 ராண்டு. ஒரே ஒரு பென்ஷன்ல ஓடுற வீடா இருந்தா அந்த பென்ஷன்ல நூத்துக்கு நாப்பது பக்கம் கரண்டுக்கே போயிடுது, அப்புறம் வாடகை, தண்ணி, சாப்பாடு எல்லாம் மிச்ச அறுபதுல. சாட்ஸ்வர்த் கவுன்சில் (முனிசிபாலிட்டி) ஃப்ளாட்டுகள்ல இந்த மாதிரி ஒரே பென்ஷன்ல அஞ்சாறு பேரு வாழுற வீடு நிறைய இருக்கு, பையனுக்கு ஃபேக்டரில வேல போயிருக்கும், மருமக பார்ட் டைம் கடைல நிப்பா, ஆயாவோட கிராண்ட் தான் வீட்ட தாங்கும். வெளியூர்க்காரங்க இந்தியருங்கன்னா எல்லாரும் அம்லாங்கா ரிட்ஜ்ல பெரிய வீட்டுல இருக்காங்கன்னு நெனைக்கிறாங்க, அது உண்மையில்ல. 1860ல இருந்து கரும்புக்கு வந்த குடும்பங்கள், அப்புறம் டர்பன் கார்ப்பரேஷன் வேலைக்கு மேகசின் பேரக்ஸ்ல தங்குன தமிழ் குடும்பங்கள், இனம் இனமா ஏரியா பிரிச்ச குரூப் ஏரியாஸ் சட்டத்தால அறுபதுகள்ல சாட்ஸ்வர்த்துக்கு தூக்கி போடப்பட்டவங்க, அதுல ஒரு பகுதி மேல வந்துச்சு, இன்னொரு பகுதி அதே ஃப்ளாட்டுல இன்னும் அப்படியே இருக்கு.

கரண்டு எப்படி இவ்வளவு விலைக்கு வந்துச்சுங்கறது நீளமான கதை, சுருக்கமா சொல்றேன். ஒரு காலத்துல தென்னாப்பிரிக்கா கரண்டு உலகத்துலயே மலிவானதுல ஒண்ணு, எண்பதுகள்ல கட்டுன நிலக்கரி மின்நிலையங்களுக்கு கடன் கட்டி முடிச்சாச்சு, கரி பக்கத்துலயே கெடச்சுது. 1998ல கவர்மெண்ட் வெளியிட்ட எரிசக்தி கொள்கை அறிக்கைலயே 2007 வாக்குல கரண்டு பத்தாது, இப்பவே புது நிலையம் கட்ட முடிவு எடுங்கன்னு எழுதி இருந்துச்சு, கேக்கல. 2007, 2008ல லோட் ஷெடிங் (ஏரியா ஏரியாவா முறை வச்சு கரண்ட நிறுத்துறது) வந்த அதே நேரத்துல தான் மெடுப்பி, குசிலேன்னு ரெண்டு பெரிய நிலையம் கட்ட ஆரம்பிச்சாங்க, அது வருஷக்கணக்குல இழுத்துச்சு, செலவு பல மடங்கு ஆச்சு, நடுவுல ஊழல் வேற, குசிலே காண்ட்ராக்ட் விஷயத்துல மட்டும் ஏபிபி கம்பெனி 2020ல 1.56 பில்லியன் ராண்டு எஸ்காமுக்கு திருப்பி கட்ட ஒத்துக்குச்சு. இந்த எல்லா கடனுக்கும் வட்டி கட்டுறது யாரு, பட்டன அமுக்கி லைட்டு போடுற நாம தான். 2008ல இருந்து 2012 வரைக்கும் அஞ்சு வருஷத்துல எஸ்காம் விலை 27.5, 31.3, 24.8, 25.8, 16 சதவீதம்னு ஏறுச்சு, பெருக்கி பாத்தா அஞ்சே வருஷத்துல மூணு மடங்கு. அதுக்கப்புறமும் நிக்கல, எஸ்காம்கிட்ட நேரடியா வாங்குறவங்களுக்கு 2023ல 18.65, 2024ல 12.74, 2025லயும் கிட்டத்தட்ட அதே.

விலை ஏத்தத்த பத்தி எல்லாரும் பேசுறாங்க, பேப்பர்ல வருது, ரேடியோல வருது. எனக்கு அதவிட பெரிய விஷயமா படுறது வேற ஒண்ணு, அத யாரும் அவ்வளவா பேசறதில்ல. அது ப்ரீபெய்ட் மீட்டர், அதாவது முன்னாடியே காசு குடுத்து டோக்கன் வாங்கி அடிச்சா தான் கரண்டு தர்ற மீட்டர்.

1994ல நாட்டுல மூணுல ஒரு பங்கு வீட்டுக்கு கொஞ்சம் மேல தான் கரண்டு இருந்துச்சு, 2022 சென்சஸ் படி 94.7 சதவீதம் வீட்டுல கரண்டு லைட்டு எரியுது. இது சின்ன சாதனை இல்ல, மனசார சொல்றேன். ஆனா அந்த கம்பியோட கூடவே ப்ரீபெய்ட் மீட்டரும் போச்சு, ஏன்னா பில்லு அனுப்பி வசூல் பண்றது கஷ்டம், முன்பணம் வாங்கிட்டா பிரச்சனையே இல்லன்னு நெனைச்சாங்க. 20 நம்பர் டோக்கன் அடிச்சா யூனிட் ஏறுற இந்த முறையே தென்னாப்பிரிக்கால பொறந்து உலகம் பூரா போனது தான். (அந்த மீட்டருங்க 1993 ஜனவரி 1ல இருந்து நிமிஷ நிமிஷமா எண்ணிட்டு இருந்துச்சு, அந்த எண்ணிக்கை 2024 நவம்பர் 24ஆம் தேதியோட நிரம்பிடும்னு சொல்லி எல்லாரையும் ரெண்டு ஸ்பெஷல் கோடு அடிக்க சொன்னாங்களே, ஞாபகம் இருக்கும். வயசானவங்க எத்தன பேரு அந்த 40 நம்பர அடிக்க பக்கத்து வீட்டு பிள்ளைய கூப்ட்டாங்கன்னு எல்லா ரோட்டுலயும் தெரியும்.)

ப்ரீபெய்ட்ல நல்லது இல்லாம இல்ல, மாசக்கடைசில 4,000 ராண்டுக்கு பில்லு வந்து நெஞ்ச அடைக்காது, இருபது ராண்டு இருந்தாலும் மூலைக்கடைல வாங்கிக்கலாம், எவ்வளவு மிச்சம்னு கண்ணுக்கு தெரியும். நெறைய பேரு கேட்டு வாங்குறாங்க, எங்க தெருவுலயும் அப்படித்தான். ஆனா அது ஒரு வேலைய சத்தமில்லாம செஞ்சிடுச்சு, கரண்ட வெட்டுற வேலைய முனிசிபாலிட்டி கைல இருந்து எடுத்து ஏழை கையிலயே குடுத்துடுச்சு.

இத புரிஞ்சிக்க 2009 அக்டோபர்ல அரசியலமைப்பு நீதிமன்றம் குடுத்த ரெண்டு தீர்ப்ப பக்கத்துல பக்கத்துல வச்சு பாக்கணும். அக்டோபர் 8ஆம் தேதி மசிபுகோ வழக்கு, சொவேட்டோவுல ஃபீரிங்குற எடத்துல ப்ரீபெய்ட் தண்ணி மீட்டர் வச்சத எதுத்து போட்டது. இலவச தண்ணி தீந்ததும் மீட்டர் நின்னு போறது இணைப்ப துண்டிக்கிறது ஆகாது, அடுத்த காசு போடுற வரைக்கும் இல்ல அடுத்த மாசம் வர்ற வரைக்கும் தற்காலிகமா நிக்குது அவ்வளவு தான்னு கோர்ட் சொல்லிடுச்சு. மறுநாள், அக்டோபர் 9ஆம் தேதி, ஜோசப் வழக்கு, ஜோபர்க்ல (ஜோகன்னஸ்பர்க்) ஒரு வாடகை கட்டடம், ஓனர் கரண்டு பில்லு கட்டாம விட்டதால குடியிருந்தவங்களுக்கு எந்த தகவலும் சொல்லாம அந்த ஊர் முனிசிபாலிட்டியோட கரண்டு கம்பெனி சிட்டி பவர் கரண்ட வெட்டிடுச்சு. அப்படி வெட்டுறது தப்பு, குடியிருக்கிறவங்களுக்கு 14 நாள் முன்னாடி நோட்டீஸ் குடுக்கணும், அவங்க போய் பேசுறதுக்கு வாய்ப்பு இருக்கணும்னு அதே கோர்ட் சொல்லுச்சு. ஒண்ணு தண்ணி, ஒண்ணு கரண்டு, சட்டப்படி வேற வேற கேள்வி, ஒத்துக்கறேன். ஆனா ஒரு சாதாரண வீட்டுல இருந்து பாத்தா பில்லு கட்டுற வசதி உள்ளவனுக்கு 14 நாள் நோட்டீஸ், ப்ரீபெய்ட் வச்சிருக்குறவனுக்கு மீட்டர்ல சிவப்பு லைட்டு மினுக்கி ராத்திரி எட்டு மணிக்கு டக்குனு இருட்டு. நோட்டீஸ் இல்ல, பேச ஆள் இல்ல.

அதவிட மோசம், அந்த இருட்டு எந்த கணக்குலயும் வராது. பில்லு கட்டாதவங்க வீட்ட வெட்டுனா முனிசிபாலிட்டில பதிவு இருக்கும், இத்தன வீடு வெட்டினோம்னு கவுன்சில் மீட்டிங்ல கேக்கலாம். டோக்கன் வாங்க காசில்லாம மூணு நாள் மெழுகுவர்த்தில இருந்த வீட்ட யாரும் வெட்டல, அதனால அது "கரண்டு உள்ள வீடு" தான். அந்த 94.7 சதவீதத்துல அந்த வீடும் ஒண்ணு. கம்பி வந்திருக்கா இல்லையான்னு எண்ணுறோம், மாசத்துல எத்தன நாள் அந்த கம்பில கரண்டு ஓடுச்சுன்னு எண்ணுறதில்ல, இத எண்ண ஆரம்பிச்சாலே பாதி விவாதம் மாறிடும்னு நான் நம்புறேன். யாரு எப்ப எவ்வளவுக்கு டோக்கன் வாங்குறாங்கன்னு கம்ப்யூட்டர்ல எல்லாம் இருக்கு, கடைசி டோக்கனுக்கும் அடுத்த டோக்கனுக்கும் நடுவுல இழுத்துட்டு போற வீடு எதுன்னு பாக்குறது கஷ்டமே இல்ல.

பழைய பாக்கி இருக்குற வீட்டுக்கு இன்னொரு சிக்கல். பல முனிசிபாலிட்டிகள்ல நீங்க டோக்கன் வாங்குறப்ப அந்த காசுல ஒரு பங்க பழைய கடனுக்கு புடிச்சிட்டு மிச்சத்துக்கு தான் யூனிட் தருவாங்க. 100 ராண்டு குடுத்த ஆயா 100 ராண்டு கரண்டு வந்துச்சுன்னு நெனைச்சிட்டு வீட்டுக்கு வந்து அடிச்சு பாத்தா பாதி தான் இருக்கும், "கடக்காரன் ஏமாத்திட்டான் கண்ணு" ன்னு சொல்லுவாங்க, ஸ்லிப்ப வாங்கி பாத்தா கீழ சின்ன எழுத்துல பிடித்தம் போட்டிருக்கும். அந்த கடன் பல சமயம் செத்துப்போன தாத்தா பேர்ல இருக்குற பழைய தண்ணி பாக்கி.

சரி, ஏழைகளுக்கு இலவச கரண்டு இருக்கே, அது என்னாச்சு? இருக்கு. 2003ல ஆரம்பிச்ச திட்டம், தேசிய அளவுல மாசம் 50 யூனிட், சில முனிசிபாலிட்டிகள் கொஞ்சம் கூட தருவாங்க. அம்பது யூனிட்னா என்னன்னு வீட்டு சாமான வச்சே பாக்கலாம். ஒரு நாளைக்கு ரெண்டு யூனிட் கூட வரல. பழைய ஃப்ரிட்ஜ் ஒண்ணு ஒரு நாளைக்கு ஒரு யூனிட்டுக்கு மேலயே இழுக்கும், அதோட பாதிக்கு மேல காலி. ஒன்றரை கிலோவாட் ஹாட்பிளேட்ல சுகர் பீன்ஸ் கறி ஒரு மணி நேரம் கொதிச்சா ஒன்றரை யூனிட். கீசர் தான் பெரிய பூதம், 150 லிட்டர் டேங்கு முழுக்க 20 டிகிரில இருந்து 60 டிகிரிக்கு சூடாக்க ஏழு யூனிட் வேணும், இது கவர்மெண்ட் கணக்கில்ல, பள்ளிக்கூட சயின்ஸ் கணக்கு. அப்ப மாசத்து இலவச கரண்டு மொத்தமும் ஏழு டேங்கு சுடுதண்ணிக்கு சரியா போச்சு. 2003ல லைட்டு, ரேடியோ, சின்ன டிவி, இஸ்திரி, கொஞ்சம் தண்ணி சூடாக்கறதுன்னு மனசுல வச்சு போட்ட அளவு அது, இருபது வருஷத்துக்கு மேல ஆகியும் அந்த 50 நகரல. 200 யூனிட் குடுங்கன்னு ரொம்ப நாளா கேக்குற இயக்கங்கள் இருக்கு, அது பேராசைன்னு சிலர் சொல்லுவாங்க, சமையல் முழுக்க கரண்டுல நடக்கணும்னா 200ங்கறது நியாயமான பேச்சு தான்.

அளவு ஒரு பக்கம் இருக்கட்டும், அந்த 50 கூட போய் சேரல, அது தான் எனக்கு ரொம்ப வேதனை. தேசிய பட்ஜெட்ல இருந்து முனிசிபாலிட்டிகளுக்கு போற பங்குப்பணம் கணக்கு போடுறப்ப சுமார் ஒரு கோடி ஏழை வீடுகளுக்கு இலவச அடிப்படை சேவை தரணும்னு கணக்கு போட்டு தான் பணம் ஒதுக்குறாங்க. ஆனா இலவச கரண்டு உண்மையா கைக்கு வர்ற வீடு சுமார் 20 லட்சம், அஞ்சுல ஒண்ணு. மிச்ச பணம் எங்க போகுதுன்னா, அந்த பங்குப்பணத்த கரண்டுக்கு மட்டும் தான் செலவு பண்ணணும்னு கட்டாயம் இல்ல, முனிசிபாலிட்டி சம்பளத்துக்கும் ரோட்டுக்கும் பழைய ஓட்டைய அடைக்கவும் எடுத்துக்கலாம். முனிசிபாலிட்டிகளே எஸ்காமுக்கு 90 பில்லியன் ராண்டுக்கு மேல பாக்கி வச்சிருக்குற நாடு இது, அப்ப ஏழைக்குன்னு வந்த காசு ஏழைகிட்ட போய் சேரும்னு எப்படி எதிர்பாக்குறது.

பதிவு பண்றதுல இருக்குற கஷ்டமும் சேரணும். முனிசிபாலிட்டில வறியவர் பட்டியல்ல பேர் இருக்கணும், அதுக்கு ஃபாரம், ஐடி, வருமான சான்று, பேங்க் ஸ்டேட்மெண்ட், வீடு யார் பேர்ல இருக்கோ அவங்க கையெழுத்து, அப்புறம் கொஞ்ச காலத்துக்கு ஒருக்கா திரும்ப புதுப்பிக்கணும். நம்ம ஏரியால வீடு பெரும்பாலும் தாத்தா பேர்ல இருக்கும், அவரு போய் பல வருஷம் ஆயிருக்கும், செத்தவரு சொத்த பேர் மாத்துற எஸ்டேட் வேலைய முடிச்சிருக்க மாட்டாங்க, வக்கீலுக்கு குடுக்க காசு இருந்திருந்தா இந்த ஃபாரமே தேவைப்பட்டிருக்காது. பேர் மாறாததால விண்ணப்பம் நிக்கும். கோயில்ல ஞாயித்துக்கிழம பூஜை முடிஞ்சு ஃபாரம் எழுதி குடுக்க உக்காந்தா இந்த ஒரே சிக்கல் தான் திரும்ப திரும்ப வருது.

அதுக்கப்புறம் கூட்டுக்குடும்பம். ஒரு பிளாட்டு, முன்னாடி வீட்டுல ஆயாவும் மூத்த பையன் குடும்பமும், பின்னாடி அவுட்பில்டிங்ல கடைசி பொண்ணு குடும்பமும், அதுக்கும் பின்னாடி ஒரு ரூம்ல வாடகைக்கு ஒருத்தரு, எல்லாத்துக்கும் சேத்து ஒரே மீட்டர். இலவச யூனிட் ஆளுக்கு இல்ல, குடும்பத்துக்கு கூட இல்ல, மீட்டருக்கு தான். மாச உபயோகம் இவ்வளவுக்கு கீழ இருந்தா தான் ஏழைன்னு பல எடத்துல ஒரு கோடு போட்டிருக்காங்க, ஒன்பது பேரு ஒரே மீட்டர்ல இருந்தா அந்த கோட்ட முத வாரத்துலயே தாண்டிடுவாங்க. ஜோபர்க்ல இன்னும் கஷ்டம், 2010ல நெர்சா கொண்டு வந்த படிக்கட்டு ரேட்டு முறைல யூனிட் கூட கூட விலையும் கூடும். அதிகமா எரிக்கிறவன் பணக்காரன், கம்மியா எரிக்கிறவன் ஏழைங்கற எண்ணத்துல போட்டது. பணக்கார ஏரியா சாண்ட்டன்ல ரெண்டு பேரு மட்டும் இருக்குற ஃப்ளாட்டு கீழ் படில நிக்கும், இந்தியருங்க நெறைய இருக்குற லெனேசியால மூணு குடும்பம் இருக்குற வீடு மேல் படிக்கு போயிடும். எஸ்காம் தன்னோட நேரடி வாடிக்கையாளர்களுக்கு 2025ல அந்த படிக்கட்ட எடுத்துடுச்சு, அது நல்லது தான். ஆனா அதே நேரத்துல மாச நிரந்தர கட்டணம்னு ஒண்ணு எல்லா எடத்துலயும் மெதுவா உள்ள வருது, ஜோபர்க் சிட்டி பவர் 2024 ஜூலைல ப்ரீபெய்ட்காரங்களுக்கு மாசம் 200 ராண்டு, வாட் சேத்து 230, போட்டுச்சு. குறைஞ்ச வருமான ரேட்டுல பதிஞ்சவங்களுக்கு விலக்குன்னாங்க, ஆனா பதியாத ஏழைக்கு விலக்கு இல்லையே.

நிரந்தர கட்டணம் ஏன் வருதுன்னா, அதுக்கு காரணம் கூரை சோலார். லோட் ஷெடிங் 2023ல 300 நாளுக்கும் மேல ஓடுச்சு, காசு இருந்தவங்க பேனல், பேட்டரி, இன்வெர்ட்டர் போட்டுட்டாங்க, 2024 வாக்குல நாடு பூரா கூரை சோலார் 5,000 மெகாவாட்ட தாண்டுச்சு. யாரையும் குத்தம் சொல்லல, வசதி இருந்தா நானும் போடுவேன். ஆனா பணக்கார வீடு யூனிட் வாங்குறது குறைஞ்சா, கம்பி, டிரான்ஸ்ஃபார்மர், சப்ஸ்டேஷன் செலவு குறையாது, அத மிச்சம் இருக்குறவங்க தலைல தான் பங்கு போடுவாங்க. 2023 மார்ச்ல இருந்து ஒரு வருஷத்துக்கு சோலார் பேனல் விலைல 25 சதவீதம், 15,000 ராண்டு வரைக்கும், வருமான வரில கழிச்சிக்கலாம்னு கவர்மெண்ட் சலுகை குடுத்துச்சு. வருமான வரி கட்டுற அளவுக்கு சம்பாதிக்காத வீட்டுக்கு அதுல ஒரு செண்ட் கூட இல்ல. கவுன்சில் ஃப்ளாட்டுல மூணாவது மாடில இருக்குறவங்களுக்கு கூரையே சொந்தம் இல்ல.

ஏழைகளுக்குன்னே ஒரு சூரிய திட்டம் இருந்துச்சு, நல்ல திட்டம், பத்து லட்சம் சோலார் கீசர். மேல சொன்ன ஏழு யூனிட் கணக்க ஞாபகம் வச்சுக்கிட்டு யோசிங்க, டர்பன் மாதிரி வெயில் ஊர்ல கூரை மேல ஒரு சோலார் கீசர் இருந்தா அந்த வீட்டு கரண்டு செலவுல எவ்வளவு பெரிய துண்டு போயிடும். 2014 வாக்குல பத்து லட்சம்னு சொன்னாங்க, சுமார் நாலு லட்சத்தோட நின்னுச்சு. அதுக்கப்புறம் வாங்குன 87,000க்கும் மேற்பட்ட கீசருங்க மாட்ட ஆள் இல்லாம வருஷக்கணக்கா குடோன்ல கெடந்துச்சு, குடோன் வாடகை மட்டும் கோடிக்கணக்குல போச்சு. இத எழுதறப்ப கை நடுங்குது, ஏன்னா அந்த கீசருக்கான கூரைங்க எல்லாம் இங்க தான் இருக்கு, ஃப்ளாட்டுங்க ஒரு பக்கம் போக பீனிக்ஸ்லயும் சாட்ஸ்வர்த்லயும் சின்ன சின்ன ஒட்டு வீடுங்க ஆயிரக்கணக்குல இருக்கு.

கரண்டு கட்டுப்படியாகலன்னா மக்க என்ன செய்றாங்க? முதல்ல கேஸ். 9 கிலோ சிலிண்டர், ரெண்டு பர்னர் அடுப்பு. கேஸ் மலிவுன்னு நெறைய பேரு சொல்றாங்க, சமையலுக்கு மட்டும் பாத்தா விலை பெரிய வித்தியாசம் வராது, ஆனா லைட்டு போனாலும் சோறு ஆகும், அது பெரிய விஷயம். கஷ்டம் எங்கன்னா சிலிண்டர் நிரப்ப ஒரே தடவைல 300 ராண்டுக்கு மேல எடுத்து வைக்கணும், இருபது ராண்டுக்கு கேஸ் வாங்க முடியாது. அதனால ரொம்ப ஏழைங்க கேஸுக்கே போக முடியாம பாராஃபினுக்கு (மண்ணெண்ணெய்) போறாங்க, அது பாட்டில் பாட்டிலா வாங்கலாம், வாட் வரியும் கிடையாது, கரண்டுக்கு 15 சதவீதம் உண்டு. ஆனா பாராஃபின் விலை பெட்ரோல் மாதிரி மாசா மாசம் முதல் புதன்கிழம மாறும், புகை புள்ளைங்க நெஞ்ச அடைக்கும், அடுப்பு சாஞ்சா தகர வீடு வரிசையா எரியும். மலிவா இருக்குற எரிபொருள் தான் உயிருக்கு ஆபத்தா இருக்கு.

அப்புறம் கள்ள கனெக்‌ஷன். இத மூடி மறைச்சு எழுத எனக்கு விருப்பம் இல்ல. பீனிக்ஸ் பக்கத்துல இனாண்டால தரையோட தரையா ஓடுற கம்பி மிதிச்சு புள்ளைங்க செத்திருக்காங்க, டிரான்ஸ்ஃபார்மர் வெடிச்சு காசு கட்டுறவங்களும் வாரக்கணக்குல இருட்டுல உக்காந்திருக்காங்க. எஸ்காம் அந்த மாதிரி ஏரியாங்கள்ல லோட் ரிடக்‌ஷன்னு சொல்லி காலைலயும் சாயங்காலமும், சரியா சமைக்கிற நேரத்துல, மொத்த ஏரியாவையும் நிறுத்துது, அதுல டோக்கன் ஒழுங்கா வாங்குற ஆயாவும் மாட்டிக்கிறாங்க. மீட்டர்ல கை வச்சு புடிபட்டா எஸ்காம் அபராதம் 6,052 ராண்டு, ரெண்டரை பென்ஷன். அந்த அபராதத்த கட்ட முடியாதவன் திரும்ப கள்ள கம்பிக்கே போவான்னு அவங்களுக்கும் தெரிஞ்சதால தான் 2024ல மீட்டர் கோடு மாத்துற சமயத்துல வந்து சொல்றவங்களுக்கு அபராதம் வேணாம்னு தள்ளுபடி குடுத்தாங்க.

இது இன்னிக்கு நேத்து பிரச்சன இல்லங்கறத நம்ம இளசுங்க தெரிஞ்சிக்கணும். 1999ல நிறவெறிய எதுத்து போராடுன ஃபாத்திமா மீர் சாட்ஸ்வர்த் ஃப்ளாட்டுகளுக்கு ஆளுங்கட்சிக்கு ஓட்டு கேக்கப் போனாங்க, அங்க கண்ட வறுமைய பாத்துட்டு ஓட்டு கேக்குறத விட்டுட்டு மக்களோட நின்னாங்க. வாடகை பாக்கிக்காக கவுன்சில் கரண்டையும் தண்ணியையும் வெட்ட வந்தப்ப, பேவியூ, வெஸ்ட்கிளிஃப் ஃப்ளாட்டு பொம்பளைங்க மாடிப்படில உக்காந்து தடுத்தாங்க, தமிழ் பேசுற ஆயாங்களும் ஜூலு பேசுற அம்மாங்களும் ஒண்ணா. அதே காலத்துல சொவேட்டோல வெட்டுன கரண்ட திரும்ப மாட்டி விடுற இயக்கமே நடந்துச்சு. அன்னிக்கு வெட்ட ஒரு ஆள் வந்தான், அவன தடுக்க முடிஞ்சுது. இன்னிக்கு மீட்டர் தானா நிக்குது, எந்த மாடிப்படில போய் உக்கார்றது?

அதனால என்ன கேக்கணும்னு எனக்கு தெளிவா இருக்கு. இலவச யூனிட்ட மீட்டருக்கு குடுக்காம வீட்டுல இருக்குற ஆளுக்கு தகுந்த மாதிரி குடுக்கணும். கிராண்ட் வாங்குறவங்க ஏழைன்னு கவர்மெண்டே ஏற்கனவே சோதிச்சு தான் கிராண்ட் குடுக்குது, அதே ஐடி நம்பர வச்சு தானா பதிவு பண்ணலாம், மறுபடி ஃபாரம் எதுக்கு. பங்குப்பணத்துல கரண்டுக்குன்னு வர்ற காசு கரண்டுக்கு போச்சான்னு ஒவ்வொரு முனிசிபாலிட்டியும் கணக்கு காட்டணும். டோக்கன் இல்லாம இருட்டுல இருந்த நாளையும் துண்டிப்புன்னே எண்ணணும். முனிசிபாலிட்டி பட்ஜெட் வரைவு மார்ச் கடைசில வரும், ஏப்ரல், மே மாசத்துல பொதுமக்கள் கருத்து கேப்பாங்க, அந்த மீட்டிங் எல்லாம் ஹால்ல காலி நாற்காலியோட நடக்குது, ரேட்டு ஏறுனப்புறம் ஜூலைல கத்தி பிரயோஜனம் இல்ல.

இப்போதைக்கு வீட்டுல வயசானவங்க இருந்தா பக்கத்துல இருக்குற முனிசிபாலிட்டி சேவை மையமான சிசக்காலா சென்டருக்கு கூட்டிட்டு போய் இலவச யூனிட் லிஸ்ட்ல பேர் இருக்கான்னு கேளுங்க, இருந்தா ஒவ்வொரு மாசமும் தனியா அந்த இலவச டோக்கன கேட்டு வாங்கணும், பல எடத்துல அது தானா ஏறாது, வாங்காம விட்ட மாசம் அடுத்த மாசத்துக்கு சேராது. ஐடி, மூணு மாச பேங்க் ஸ்டேட்மெண்ட், கடைசியா வாங்குன டோக்கன் ஸ்லிப்பு, வீடு வேற பேர்ல இருந்தா இறப்பு சான்றிதழ், இதெல்லாம் கைல எடுத்துட்டு போங்க. ஸ்லிப்புல பாக்கிக்கு பிடித்தம் போட்டிருந்தா அது எந்த பாக்கி, எந்த வருஷத்துதுன்னு எழுத்துல கேளுங்க.